ஒரு விரல் ஏற்றம்

மூன்று முறை பிரித்துத் தைத்தாயிற்று. போட்டுப் பார்த்தால் மகளின் மேல்சட்டை இடப்பக்கம் ஒரு விரல் தூக்கிக்கொண்டுதான் நின்றது. பனியன் துணி இழுத்தால் நீண்டது, விட்டால் சுருண்டது, ஊசிக்கடியில் வழுக்கியது. "கடையில எதுக்கு வாங்கணும், நானே தைப்பேன்" என்று அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்ட அம்மாவுக்கு மானமே போனது.

"நேரா நில்லுடி! கூன் போட்டா எந்தச் சட்டை நிக்கும்?" என்று மகளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நேராத்தாம்மா நிக்கிறேன்."

கடைசியில் சட்டையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு, பக்கத்துத் தெரு தையல்கார அக்காவிடம் போனாள்.

"சிரிக்காதீங்கக்கா. துணி வழுக்கி, ஒரு பக்கம் ஏறிப்போச்சு."

அக்கா சட்டையை மேசையில் விரித்து நடுவில் மடித்தாள். இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் பொருந்தின. டேப்பை வைத்தும் அளந்து பார்த்தாள்.

"அச்சு மாதிரி தைச்சிருக்கியே!"

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. "அப்ப எங்கக்கா கோளாறு?"

அக்கா சிறுமியைத் திருப்பி நிறுத்தி, கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பின் மேல் விரலை மெல்ல ஓட்டினாள். விரல் நேராக இறங்கவில்லை. நடுவில் வளைந்து போய்த் திரும்பியது.

"நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா," என்றாள் தணிந்த குரலில்.

அம்மாவால் தலைநிமிர முடியவில்லை.

மகள் மூச்சைப் பிடித்து இன்னும் விறைத்து நின்றாள்.

"இப்ப நேரா நிக்கிறேனாம்மா?"