குட்டை கியர்

ஒரகடம் கூட்டுரோட்டில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நிலவனுக்கு, கியர் மாற்றக் கை போகும் தூரத்தைக் குறைக்கும் குட்டை கியர் ராடு கேட்டு வருபவர்களைக் கண்டாலே ஆகாது.

"ரேஸ் வுடப் போறியாப்பா?"

"இல்ல அண்ணாச்சி. நம்ம வண்டிக்குச் சேருமான்னு பாத்துச் சொல்லுங்க," என்றான் நம்பிராஜன். அவன் மனைவி சுகப்பிரியா எதிரே டீக்கடை நிழலில் நின்றிருந்தாள்.

நிலவன் காருக்குள் குனிந்து பார்த்தார்.

"இது கேபிள் கியர். ராடு கியருக்கு வர்றது இதுல உக்காராது. இதுக்குன்னு ஒண்ணு கீது. ஆனா தூரம் கொறைஞ்சா இழுக்கக் கெட்டியா இருக்கும்."

"இருக்கட்டும். எவ்வளவு குட்டையா வருமோ அதையே போடுங்க."

"இப்படித்தான் ஒருத்தன் மாட்டிக்கினு போயி லாரி பின்னால சொருவிட்டான். உன் வூட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"அவதான் ஓட்டப் போறா. பிரஸ் மிஷின்ல மாட்டி இடது தோள் போயிட்டு. பிடியில பலம் இருக்கு. கைதான் முன்னால நீளாது."

நிலவன் எதிரே பார்த்தார். அவளுடைய இடக்கை உடம்போடு ஒட்டியே இருந்தது. அவசரப்பட்டுப் பேசிவிட்டோமே என்றிருந்தது அவருக்கு.

"இவ்ளோ நாளு எப்படி ஓட்டிச்சு?"

"அவ கிளட்ச் மிதிப்பா. பக்கத்துல உக்காந்து நான் கியர் போடுவேன்."

"நல்ல ஜோடிப்பா. அப்படியே ஓட்டிக்கினு போங்களேன். இன்னாத்துக்கு இந்தச் செலவு?"

நம்பிராஜன் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"வர்ற வியாழக்கிழமை கோர்ட்டுல எங்களுக்கு விவாகரத்து, அண்ணாச்சி. வண்டிய அவளுக்குக் கொடுத்துட்டேன். இனிமே கியர அவளே போட்டுக்கிடணும்."