விளங்காத பராசக்தி

“கொஞ்சம் நிப்பாட்டுங்கோ! வில்லை எண்டால் என்ன? மூக்குக்கண்ணாடிக்குப் போடுறதோ?”

பராசக்தி கேட்டதும் ரியூசன் கொட்டில் முழுக்கச் சிரிப்பு.

சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்துக்கொண்டிருந்த மார்க்கண்டு காலை எடுத்தார். டைனமோ நின்றது. கசெட்டில் கதைத்துக்கொண்டிருந்த பருத்தித்துறைக்காரரின் குரல் இழுபட்டு அடங்கியது. போர்த்தடையால் பற்றறி யாழ்ப்பாணத்துக்குள் வராத காலம்.

“இவ்வளவு நாளும் அதைப் பற்றித்தானே கதைக்கிறம்!” என்று எரிந்து விழுந்தார் கிளரன்ஸ்.

“எனக்கு விளங்கேல்லை. சொல்லுங்கோவன்.”

பின்வரிசை வாங்கில் இருந்த பியாட்றிசும் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஆனால் காதைத் தீட்டிக்கொண்டாள். அவளுக்கும் அது தெரியாது.

ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்து புத்தூருக்கு வந்தவள் அவள். ஞாயிறு பின்னேரங்களில் இங்கே ஏதோ கதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து குந்தினாள். யாரும் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ‘பருத்தித்துறையாரின்ரை மறுப்பு’, ‘கொடிகாமத்துக் கணக்கு’ என்று அவர்கள் பாட்டில் கதைத்தார்கள். அந்த முதல் நாளே எழும்பிப் போய்விடலாம் என்றிருந்தபோதுதான் முன்வாங்கில் இருந்த பராசக்தி கேட்டாள்.

“உந்தக் கசெட் ஆரின்ரை?”

அன்றைக்கும் கிளரன்ஸ்தான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். பருத்தித்துறையில் ஒரு கூட்டம் கூடிக் கதைத்துக் கசெட்டில் பதிந்து அனுப்பும். புத்தூர் அதைக் கேட்டு, தன் பதிலைப் பதிந்து கொடிகாமத்துக்கு அனுப்பும். தலைவரும் இல்லை, செயலாளரும் இல்லை. இப்போது சுற்றும் கேள்வி, கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரித்துச் சவராகிறது என்பது.

என்னைவிட விளங்காத ஒருத்தி இருக்கிறாளே என்ற தைரியத்தில்தான் பியாட்றிஸ் தொடர்ந்து வந்தாள்.

கிளரன்ஸ் இப்போது சோக்கட்டியை எடுத்தார்.

“இஞ்சை பாருங்கோ. நிலத்துக்குக் கீழை கடல்தண்ணி. அதுக்கு மேலை நல்ல தண்ணி மிதக்குது. நடுவிலை தடிப்பு, கரையிலை மெல்லிசு. அதுதான் வில்லை. கனக்க இறைச்சால் அது மெலியும், உப்புத்தண்ணி மேலை ஏறும்.”

“அப்பிடி ஏறினதை ஆர் கண்டது?” பராசக்தி விடவில்லை.

கிளரன்ஸ் சோக்கட்டியைக் கீழே வைத்தார். பியாட்றிஸ் எழும்பிவிட்டாள். எப்படி எழும்பினாள் என்று அவளுக்கே தெரியாது.

“நான் கண்டனான். ஊரிலை அப்பா கிணத்துக்குத் தண்ணி இறைக்கிற மிசின் வைச்சவர். ரெண்டு போகத்திலை தண்ணி வாயிலை வைக்கேலாமல் போச்சு. பக்கத்து வளவிலை கையாலை, துலாவாலைதான் இறைச்சவை. அது நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடும் மட்டும் நல்ல தண்ணி.”

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“இதைப் பதியோணும்!” மார்க்கண்டு பாய்ந்து மிதிக்கத் தொடங்கினார். “பிள்ளை, கிட்ட வந்து இன்னொருக்காச் சொல்லும்.”

அவளுடைய குரல் கொடிகாமத்துக்குப் போகப்போகிறது! கூட்டம் கலைந்தபோது பியாட்றிசுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அந்தச் சந்தோசத்தில் பராசக்தி மேல் இரக்கமும் வந்தது.

“அக்கா, வாற ஞாயிறு கொஞ்சம் வெள்ளன வாங்கோ. எல்லாத்தையும் நான் ஆறுதலாச் சொல்லித்தாறன்.”

“கட்டாயம் வாறன், பிள்ளை.” பராசக்தி முகம் மலரத் தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனாள்.

கிளரன்ஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஆருக்குச் சொல்லிக் குடுக்கப் போறீர்? உந்தக் கிணத்துத் தண்ணிக் கேள்வியை முதன்முதல் பதிஞ்சு அனுப்பினதே அவதான். வில்லை எண்ட சொல்லை எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அவதான்.”

பியாட்றிஸ் திகைத்தாள். “அப்ப ஏன் அவ…”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை. நல்லா இருந்த மனுசி. நீர் வந்த நாள் தொடக்கம்தான், ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி உப்பிடிக் கேட்டு எங்கடை உயிரை எடுக்கிறா.”