கொடுத்து வைத்தவர்கள்

"நல்லாப் பாருங்க டாக்டர். மாமனார் நெஞ்சுவலியில போனவர். இவர் லேசா ஏப்பம் விட்டாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது," என்றாள் மனைவி.

நெஞ்சில் ஒயர்களோடு கட்டிலில் கிடந்த கணவன் சிரித்தான்.

டாக்டர் இ.சி.ஜி. தாளைப் பார்த்தார். "இவருக்கு ஒண்ணும் இல்லை. அப்பா எந்த வயசுல போனார்?"

"எண்பத்திரெண்டுல."

"அதுக்கா இத்தனை பயம்?"

சட்டையை மாட்டியபடி கணவன் சொன்னான்: "இவ பிறந்த வீட்டுல அந்தக் கவலையே இல்லை டாக்டர். எல்லாரும் கொடுத்து வச்சவங்க."

"ஆமா டாக்டர். எங்கம்மா தூக்கத்திலேயே போயிட்டாங்க. நோய் நொடின்னு ஒரு நாள் படுத்ததில்லை. சித்தியும் அப்படித்தான். மாமாவும்."

டாக்டரின் பேனா நின்றது. "அம்மாவுக்கு அப்போ என்ன வயசு?"

"முப்பத்தொன்பது. சித்திக்கு இன்னும் கம்மி. மாமா, கல்யாணம் ஆன வருஷமே..."

அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று பேரையும் ஒரே மூச்சில் அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

"உங்க வயசு?"

"முப்பத்தெட்டு."

டாக்டர் கட்டிலில் புது விரிப்பைப் போட்டார். "அது வெறும் தூக்கமா இருந்திருக்காதும்மா. துடிப்பு திடீர்னு நின்னுபோற கோளாறு சில குடும்பங்கள்ல வழிவழியா வரும். நீங்க படுங்க, பார்த்துடலாம். குழந்தைங்க?"

"ஒரே பொண்ணு."

கட்டிலில் ஏறப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கணவனின் கையைப் பிடித்தாள்.

"நாம கிளம்பும்போது தூங்கிட்டிருந்தாளே... போன் பண்ணுங்க. முதல்ல அவளை எழுப்புங்க!"