கேமரா மேல் ஒரு துண்டு

“உண்மையைச் சொல்லுங்க. தினமும் கேமராவை மூடிட்டு வண்டிக்குள்ள என்ன நடக்குது?”

மேனேஜர் கேட்டது டிரைவரிடம். அந்தச் சலவைக் கம்பெனியில் மூன்றாவது வேனை ஓட்டுவதால் அவருக்குப் பெயரே ‘மூணாம் நம்பர்’தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மா. பக்கத்து நாற்காலியில் அவர் கணவர், எல்லோருக்கும் ‘ஐயா’. கையெழுத்துப் போடுவது ஐயா, முடிவெடுப்பது அம்மா. அதில் ஐயாவுக்கு எந்த வருத்தமும் கிடையாது.

ஓட்டல், ஆஸ்பத்திரி என்று அழுக்குத் துணியை மூட்டை மூட்டையாக எடுத்துவந்து, வெளுத்துத் திருப்பிக் கொடுக்கும் தொழில். ஒரு டிரைவர் தூக்கக் கலக்கத்தில் கம்பெனி கேட்டிலேயே மோதிவிட, அத்தனை வேனிலும் டிரைவர் சீட்டைப் பார்த்தபடி கேமரா வைத்துவிட்டார் அம்மா. இன்ஜினை நிறுத்தினாலும் அது கண்ணை மூடாது.

மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

“பாருங்க மேடம். சாயங்காலம் வண்டி ஷெட்டுக்கு வருது. இறங்கறதுக்கு முன்னாடி இவர் கேமரா மேல துண்டைப் போடறார். அதுவும் நாம வெளுத்த துண்டு! அப்புறம் அரை மணி நேரம் ஒரே இருட்டு. தினமும் இதே கூத்துதான்.”

“வெயில்ல கேமரா சூடாயிடக் கூடாதேன்னு...” என்று இழுத்தார் டிரைவர்.

“ஷெட்டுக்குள்ள ஏதுங்க வெயில்?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். முகம் காட்டிக் கொடுத்துவிட்டது.

“விடுப்பா. ஒரு துண்டுதானே?” என்றார் ஐயா.

“துண்டோட போச்சுன்னா விட்டுடலாம் ஐயா. நம்ம பெரிய ஓட்டலை எதிர்க் கம்பெனிக்காரங்க தட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே, எப்படி? நம்ம வண்டி எப்போ எங்கே போகுது, யாருக்கு என்ன ரேட்டு, எல்லாம் யாரோ போன்ல சொல்லித்தானே போயிருக்கணும்?”

சொல்லிவிட்டு மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மாவின் முன்னால் அந்தக் கம்பெனியின் பேச்சை யாரும் எடுப்பதில்லை. ஒரே மகள் காதலித்துக் கைப்பிடித்தது அந்தக் கம்பெனி முதலாளி வீட்டுப் பிள்ளையைத்தான். அன்றைக்கே அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார்: இனி அவளோடு இந்த வீட்டில் யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அம்மாவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மேனேஜருக்குத் தைரியம் வந்துவிட்டது.

“துண்டு படத்தைத்தான் மேடம் மறைக்கும், சத்தத்தை மறைக்காது. இந்தக் கேமராவுல மைக்கும் இருக்கு.”

“மைக்கா?” டிரைவரும் ஐயாவும் ஒன்றாகக் கேட்டார்கள்.

“ஆமா. உள்ளே முணுமுணுத்தாக்கூடப் பதிஞ்சிடும். முன்னாடி எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு, கம்பெனி பேரு! வாட்ச்மேன்கூடத் திறந்து கேட்டிருக்கலாம். நல்லவேளை, போன மாசம் மேடம் சத்தத்துக்கு மட்டும் வேற பாஸ்வேர்டு போட்டுட்டாங்க. இப்போ அவங்க மட்டும்தான் திறக்க முடியும். சொல்லுங்க மேடம், போட்டுக் கேட்டுடலாம்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வேண்டாம் மேடம். தப்பு என்னோடதுதான். என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க, போயிடறேன். அதை மட்டும் போடாதீங்க.”

“பார்த்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டார்!” மேனேஜருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்களின் அப்பா அந்த டிரைவர். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு கதியில்லை. அது ஐயாவுக்கும் தெரியும். இவ்வளவு நேரம் நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தவர் எழுந்து நின்றார்.

“அவரை விட்டுடுப்பா. துண்டைப் போடச் சொன்னது நான்தான்.”

“நீங்களா ஐயா?”

“அவர் இறங்கினதும் நான் ஏறி உட்கார்ந்துக்குவேன். இங்கே மெஷின் சத்தத்துல பேச முடியாது. வீட்டுல பேசவே முடியாது. வேற எங்கே போவேன்?”

“அப்போ போன்ல யார்கிட்ட...”

“நீ சொன்ன அதே எதிர்க் கம்பெனி வீட்டுக்குத்தான். என் பொண்ணு அங்கேதானே இருக்கா? பேத்திக்கு இப்பத்தான் பேச்சு வருது. ‘தாத்தா’ன்னு சொல்லுதுப்பா! அதை ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்கத்தான் போறேன். ரேட்டும் பேசலை, ரூட்டும் பேசலை.”

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். எதற்கு இந்த வம்பை இழுத்தோம் என்று ஆகிவிட்டது மேனேஜருக்கு.

இடி விழப்போகிறது என்று மூவரும் காத்திருந்தார்கள்.

அம்மா கம்ப்யூட்டரை அணைத்தார். மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“ஓட்டல் கைவிட்டுப் போனதுக்குப் போன் காரணமில்லை. நாம வெளுத்த போர்வையில கறை அப்படியே இருந்துச்சு, அதான் போயிட்டாங்க. முதல்ல அதைக் கவனிங்க.”

டிரைவரிடம், “நீங்க போய் வண்டியை எடுங்க. ஆஸ்பத்திரித் துணி காத்துக்கிட்டிருக்கு,” என்றார்.

இருவரும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வெளியேறினார்கள். நின்ற இடத்திலேயே நின்றார் ஐயா.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“தாத்தாவாம் தாத்தா! நேத்து குழந்தை அந்த இருமு இருமுச்சே, டாக்டர்கிட்டக் காட்டினியான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணுச்சா உங்களுக்கு?”