சுவரின் அந்தப் பக்கம்

கானாவின் குமாசி நகரில், புருஷன் இறந்து வருஷச் சடங்கு முடிந்த மறுநாள், அவர் படத்தை மாட்ட டிரில்லிங் வேலை செய்யும் டொன்கோரைக் கூப்பிட்டாள் செர்வா. ஆளுயரப் படம். கனம் வேறு.

"பெட்ரூம்லயே மாட்டிடலாமே அக்கா?"

"வேணாம் மாஸ்டர். முப்பது வருஷம் அந்த ரூம்ல அவரோட பட்டது போதும். இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன். ஹால்லயே கிடக்கட்டும்."

சுவரின் சிமெண்ட் கல்லுக்கு உள்ளே பொள்ளல். வெறும் ஸ்குரூ தாங்காது. ஹாலிலிருந்து சுவரை ஊடுருவிக் கொக்கி போல்ட்டைச் செருகி, படுக்கையறைப் பக்கம் நட்டுப் போட வேண்டும். டொன்கோர் கவனத்துக்குப் பேர்போனவர். டிரில் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் நீளமான பிட்டை மாட்டினார். துளைக்கும்போது அந்தப் பக்கம் யாரும் நிற்கக்கூடாதென்று படுக்கையறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். துளைத்து முடித்ததும் உள்ளே போய் நட்டை இறுக்கினார். வெளியே வந்து பழக்கதோஷத்தில் மறுபடியும் பூட்டி, ஹாலில் கொக்கியில் படத்தை மாட்டிவிட்டு, சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

காலையில் ஓடிவந்தார். செர்வா ஹால் சோபாவிலேயே இரவைக் கழித்திருந்தாள். அவள் தலைக்கு மேலே படம் இல்லை. சுவரில் கொக்கி இருந்த இடத்தில் நட்டு மட்டும் இருந்தது.

"ஏன் அக்கா கழட்டினீங்க?"

"நான் தொடவே இல்ல. முழிச்சுப் பாத்தா காணோம். முதல்ல கதவத் திறங்க மாஸ்டர்."

திறந்தார். கட்டிலுக்கு மேலே, கொக்கியில் படம் தொங்கியது. நேற்றுக் கொட்டிய சுவர்த்தூள் ஒரு பொட்டு இல்லாமல் துடைக்கப்பட்டிருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் படுக்கும் பக்கம் மட்டும், போர்வை விலக்கி வைக்கப்பட்டிருந்தது.