சிவப்பு எலுமிச்சை

நீங்கள் எதைச் செய்தாலும் குறை சொல்லாத மனிதர் யாராவது உங்கள் வீட்டில் உண்டா? எங்கள் தெருத் தையல்காரிக்கு உண்டு, அவள் கணவர்.

அவள் வீட்டில் சோப்பு செய்யத் தொடங்கியபோது, "சமைக்கிற பாத்திரத்துல சோப்பா?" என்று மாமியார் இடித்தாள். தெருவே சிரித்தது. காய்ச்சலில் கிடந்து எழுந்த கணவர் மட்டும் ஒவ்வொரு கட்டியையும் முகர்ந்து, "புதினா! ஆளையே தூக்குது" என்பார்.

"நாய் மூக்குங்க உங்களுக்கு!"

"நாயின்னே சொல்லிட்டியா?"

அந்த மூக்கை நம்பித்தான் அவள் தலைநிமிர்ந்து நடந்தாள்.

அன்று மஞ்சள் சாயம் தீர்ந்துவிட்டது. எலுமிச்சை சோப்புக்குச் சிவப்பைக் கலந்து, அடுப்படியில் உட்கார்ந்திருந்தவரிடம் நீட்டினாள்.

ஆழமாக இழுத்து முகர்ந்தார். "ரோஜா! தோட்டத்துக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கு."

'கிண்டலா?' என்று கேட்க வாயெடுத்தவளுக்குத் தீய்ந்த வாடை அடித்தது. அவர் முதுகுக்குப் பின்னால் பால் பொங்கிக் கருகிக்கொண்டிருந்தது. அவர் திரும்பக்கூட இல்லை.

காய்ச்சலோடு அவருக்கு மோப்பமும் போயிருக்கிறது. அவள் மனம் வாடக் கூடாதென்று, இத்தனை நாளும் நிறத்தைப் பார்த்து வாசனை சொல்லியிருக்கிறார்.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

"என்னடி, கண்ணு கலங்கியிருக்கு?"

"புகைங்க. உங்க மூக்குக்குத் தப்புமா? ரோஜாவேதான்."

மறுநாள் காலை கடைக்குப் போய் மஞ்சள் சாயம் வாங்கி வந்தாள்.