நேரலை

“பேச ஆரம்பிச்சுட்டான், ஓடி வா!” என்று மாமியார் கூவினாள்.

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். கைப்பேசியில் நேரலை. அவள் கணவர் கோட்டும் சூட்டுமாக மேடையில் நின்று மகளிர் மேன்மை பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்.

“பெண் ஒரு மலர்! அவள்மேல் கை ஓங்குபவன் மனிதனே அல்ல!”

அரங்கமே அதிர்ந்தது.

“தட்டுறாங்க அத்தை! தட்டத் தட்ட இன்னும் பேசுவாரே!”

“என் பிள்ளையாச்சே! மைக்கைப் பிடிச்சா லேசுல விடுவானா?”

வாசலில் கார் வந்து நின்றது. உள்ளே மருமகளின் அக்கா. மருமகள் கட்டிலுக்கடியில் ஒளித்திருந்த பெட்டியை இழுத்தாள். உதடு கிழிந்திருந்ததையும் மறந்து சிரித்தாள். சட்டென்று நின்றாள்.

“நான் போனது தெரிஞ்சா, உங்களை என்ன பண்ணுவாரோ அத்தை?”

“என்னை எங்கேடி பார்க்கப் போறான்?” மாமியார் பீரோவுக்குப் பின்னாலிருந்து தன் பையை எடுத்தாள். “இவனோட அப்பன் இதே மாதிரி மேடையேறினப்பவே நான் கிளம்பியிருக்கணும்.”

கைப்பேசியில் மறுபடியும் கைதட்டல்.

“தட்டுங்கய்யா, நல்லாத் தட்டுங்க! இன்னும் அரை மணி பேசட்டும்!” என்றபடி மாமியார் முதல் ஆளாகக் காரில் ஏறினாள்.